புற்றுநோய் மாதிரி

அம்மாவின் குடலிலிருந்து எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டு டாக்டர் பெனிதெஸ் தாளை மடித்தார்.

"கார்சினாய்டு. அந்தப் பேருக்கே புற்றுநோய் மாதிரின்னுதான் அர்த்தம், தோன்யா எவாரிஸ்தா. வெறும் மாதிரிதான். வீட்டுக்குப் போங்க."

என்கார்னாசியோன் நகரத்துப் பஸ் நிலையத்தில் சீப்பா ரொட்டி விற்பவள் அம்மா. "என் கூடையில சீப்பா மாதிரின்னு ஒண்ணு கிடையாது டாக்டரே. ஒண்ணு சீப்பா, இல்லேன்னா கல்லு. இது எது?"

பள்ளியை விட்டதிலிருந்து நான் அந்நியரிடம் பேசியதே இல்லை. ஆனால் வெளியே காத்திருந்தபோது அந்தத் தாளை மூன்று முறை படித்திருந்தேன்.

"தரம்னு போட்ட இடம் காலியா இருக்கு," என்றேன். "நூறு செல்லுல எத்தனை பெருகுதுன்னு எண்ணிப் போடணும்னு அதுலயே அச்சடிச்சிருக்கு. யாரும் எண்ணல."

"நீ என்ன டாக்டரா பொண்ணே?"

"இல்ல. எண்ணத் தெரியும்."

எண்ணச் சொல்லி ஆய்வகத்துக்கு டாக்டர் சீட்டு எழுதும்வரை அம்மா நாற்காலியைவிட்டு எழவில்லை. நிதானமாகத் தெரெரே மூலிகைப் பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்துப் போனோம். டாக்டர் எங்களைப் பார்க்காமல் படித்தார். "நூத்துக்கு நாலு. ரெண்டாம் தரம். புற்றுநோய்தான்."

அம்மாவின் கை என் கையை இறுக்கியது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"அந்த 'மாதிரி' போச்சுல்ல? இப்ப வைத்தியத்தச் சொல்லுங்க."