ஏழாவது வளைவில் இரண்டு மீட்டர்

அளவில் விரல்கடை பிசகினாலும் உதவியாளர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிற சர்வேயர், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பொய்யளவு போட்டார். அதுவும் எங்கே? கம்ப்யூட்டர் விளையாட்டில்.

அவருடைய தங்கை புருஷனுக்குக் கார் பந்தய விளையாட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம். மேசையில் ஸ்டீயரிங், காலடியில் பிரேக், கிளட்ச் என்று சகலமும் வாங்கி மாட்டியிருந்தார். விளையாட்டோடு வந்த தடங்கள் சலித்துப்போய், தங்கள் வீட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் மலைப்பாதையையே தடமாகச் செய்து தரச் சொல்லி மச்சானை நச்சரித்தார். சர்வேயரும் அலுவலக வரைபடத்தை வைத்துப் பதினோரு வளைவுகளையும் அச்சு அசலாக ஏற்றிக் கொடுத்தார். ஏழாவது வளைவில் மட்டும் கார் ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் பாய்ந்தது. மாப்பிள்ளையின் முகம் சுருங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், சொல்லாமல் கொள்ளாமல் அந்த இடத்தில் சாலையை இரண்டு மீட்டர் அகலமாக்கிவிட்டார். விளையாட்டுதானே, யார் குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தார். அடப் பாவி மனுஷா!

அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாவது வளைவை வேகம் குறைக்காமல் கடந்து நாலே நிமிடத்தில் அடிவாரத்தைத் தொட்டார். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். உண்மையைச் சொன்னால் அந்த நேரம் செல்லாது, மாப்பிள்ளையின் மானம் கப்பலேறும், தன் மானமும் கூடவே ஏறும். சர்வேயர் நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் தள்ளிவிட்டார்.

இன்று காலை தங்கை போன் செய்தாள். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடக் காரில் கிளம்பிவிட்டார்களாம். நிஜப் பாதையிலும் அதே நாலு நிமிடத்தைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அந்தச் சிரிப்பு சரியில்லை. மானமாவது மண்ணாவது என்று சர்வேயர் போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"மாப்பிள்ளை, ஏழாவது வளைவு நிஜத்துல அவ்வளவு அகலம் கிடையாது. ரெண்டு மீட்டர் நான்தான் கூட்டி வச்சேன். தயவுசெஞ்சு ஓரமா நிறுத்துங்க."

கோபப்படுவார், கன்னாபின்னாவென்று திட்டுவார், திட்டுவதற்காகவாவது வண்டியை நிறுத்துவார் என்று சர்வேயர் காத்திருந்தார்.

"அது போன வாரமே தெரியும் மச்சான்," என்றார் மாப்பிள்ளை, சாவகாசமாக. "ரெண்டு நாள் தனியா வந்து ஓட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்துல ரெண்டு மீட்டர் எடுத்துக்கிட்டா கணக்கு சரியா வந்துடுது."

அந்த விளையாட்டில் எதிரே ஒரு வண்டியும் வராது. வைக்க வேண்டும் என்று சர்வேயருக்குத் தோன்றவே இல்லை. போனில் கியர் இறங்கி மறுபடி ஏறியது, ஆறாவது வளைவு தாண்டியாயிற்று. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று இங்கே அவர் கத்தியது அங்கே யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. தங்கையின் குரல் மட்டும் கேட்டது, தூங்குகிற குழந்தைக்குப் பயந்து பேசுவதுபோல் மெதுவாக.

"என்னங்க, லாரி வருது."

"தெரியுது," என்றார் மாப்பிள்ளை. "இப்ப பிரேக் போட்டா நேரம் போயிடும்."