குறை சொல்லப் போன வீடு

விலை பேசுவதில் பிலேந்திரனை மிஞ்ச ஆளில்லை. இதைச் சொன்னது வேறு யாருமில்லை, பிலேந்திரனேதான். ஆனால் நோர்வேக்கு வந்த பதினாறு வருடத்தில் அந்தத் திறமையைக் காட்ட அவனுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. இங்கே தக்காளியிலிருந்து தளபாடம்வரை ஒட்டிய விலைதான். பேரம் பேசினால் கடைக்காரப் பிள்ளை பாவமாகப் பார்க்கும். ஆகவே வீடு பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, கார் ஒஸ்லோவைத் தாண்டுமுன்னரே மனைவி ராசமலருக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டான்.

“வீடு பிடிச்சாலும் முகத்திலை காட்டாதையும். நீர் சிரிச்சீரெண்டால் விலை ஏறும். கண்ணிலை படுற குறையெல்லாம் சொல்லும். நான் மெக்லருக்கு நொஸ்கிலை சொல்லுறன்.”

“எல்லாக் குறையுமோ?”

“ஒண்டும் விடக்கூடாது.”

ராசமலருக்கும் நொஸ்க், அதுதான் நோர்வே மொழி, வரும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாள் முழுக்க அதைத்தான் பேசுகிறாள். ஆனால் காசு, சட்டம் என்று வந்தால் அவன்தான் வாய் திறப்பான். பதினாலு வருடக் குடித்தனத்தில் அப்படிப் பழகிவிட்டது.

அவர்கள் இருந்தது ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில், நாலாம் மாடியில். பிள்ளைகள் இல்லை, இருவர்தான். கதவைத் திறந்தால் மண்ணில் கால் வைக்கவேண்டும் என்பது பிலேந்திரனின் பலநாள் ஆசை. ஒஸ்லோவுக்குள் அந்த ஆசையை வைத்துக்கொள்ள அவனுடைய பஸ் திருத்தும் சம்பளம் இடம் கொடுக்காது. இந்த வீடோ ஒன்றேகால் மணித்தியாலத் தூரத்தில், காட்டோரக் கிராமம் ஒன்றில். மொத்தமே பதினொரு வீடுகள். ஒஸ்லோவில் இரண்டறை மாடிவீடு விற்கிற விலைக்கு இங்கே தனிவீடும் சுற்றிவர வளவும் வரும்.

வெள்ளைப் பலகை வீடு. முன்னால் இரண்டு ஆப்பிள் மரங்கள். பிலேந்திரன் அவற்றின் அடியில் போய் நின்று மேலே பார்த்தான். வீட்டை விற்றுக் கொடுக்க வந்திருந்த மெக்லர் பெண் இங்குன், சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, உள்ளே கூட்டிப் போனாள்.

ராசமலர் தொடங்கினாள். “குசினி இருட்டு.”

பிலேந்திரன் மொழிபெயர்த்தான். இங்குன் அதை ஒப்புக்கொண்டு, வடக்குப் பக்கச் சமையலறை அப்படித்தான் இருக்கும் என்றாள்.

“கீழ் அறையிலை ஈரம் மணக்குது. பஸ் எத்தினை?”

“ஒரு நாளைக்கு இரண்டு,” என்றாள் இங்குன்.

“காரை நீங்கள் கொண்டுபோனால், காலமை ஆறு மணி வேலைக்கு நான் எதிலை போறது? கடை எட்டுக் கிலோமீற்றரிலை எண்டு விளம்பரத்திலை போட்டிருக்கு. பனிக்காலத்திலை நடக்கிறதோ, நீந்திறதோ?”

பிலேந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருடம் இந்தக் கெட்டிக்காரியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டா இருந்தோம் என்று நினைத்தான். ஒன்றையும் விடாமல் நொஸ்கில் கொட்டினான்.

ராசமலர் பின்பக்க யன்னலடியில் போய் நின்றாள். வெளியே காடுதான்.

“இதாலை பாத்தால் ஒரு மனிசரும் தெரியேல்லை. நான் இஞ்சை விழுந்து கிடந்தால் ஆர் வருவினம்? ஒரு சொல் தமிழிலை கதைக்க வேணுமெண்டாலும் ரெயில் பிடிக்கவேணும்.”

அவளது குரல் ஒருமாதிரி இருந்தது. பிலேந்திரன் தடுமாறி, “இந்தப் பக்கம் கொஞ்சம் தனிமையாம்,” என்று மட்டும் சொன்னான். இங்குன் அவனைப் பார்க்கவில்லை. நேரே ராசமலரிடம், “உங்களுக்கு இந்த வீடு வேண்டாமா?” என்று கேட்டாள். ராசமலர் புருசனைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பிலேந்திரன் கேட்டான்: “வீடு பிடிச்சுதோ?”

“நீங்கள் சொன்னமாதிரித்தானே கதைச்சனான்.”

“அது சரி. பிடிச்சுதோ?”

“பிழையாக் கதைச்சிட்டனோ?”

மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்தான். நடிப்பென்றால் அந்த யன்னலடிப் பேச்சு எங்கிருந்து வந்தது? நடிப்பில்லை என்றால் ஏன் அன்றிரவு சோறு போடும்போது, புதுவீட்டுக்குத் திரை வாங்கவேண்டும் என்றாள்? கடைசியில் வெட்கத்தை விட்டு, ராசமலரோடு தினமும் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற இரண்டாம் மாடி மேரியம்மாவை லிஃப்டடியில் பிடித்தான்.

“எனக்கு நல்ல வீடெண்டுதான் சொன்னவ,” என்றாள் மேரியம்மா. “ரெண்டு ஆப்பிள் மரமும் நிக்குதாம். சொல்லேக்கை அழுதவ.”

“சந்தோசத்திலையோ?”

“அதை நீங்களல்லோ கேக்கவேணும் தம்பி!”

இருந்த குழப்பமும் இரட்டித்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமை இங்குன் தொலைபேசி எடுத்தாள். வேறு யாரும் வீட்டைக் கேட்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை புறப்படுமுன் பிலேந்திரன் வாயால் சொல்லிவிட்டு வந்த குறைந்த விலைக்கே வீட்டுக்காரக் கிழவர் சம்மதித்துவிட்டாராம். கடன் இருவர் பேரிலும் என்பதால் இருவரும் கையெழுத்து வைத்து, நாளை பன்னிரண்டு மணிக்குள் படிவம் வரவேண்டும். கையெழுத்து வைத்தால் பிறகு பின்வாங்க முடியாது.

வாழ்க்கையில் இப்படியொரு வெற்றி அவனுக்குக் கிடைத்ததில்லை. துள்ளிக் குதித்திருக்கவேண்டும். ஆனால் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தான். ராசமலர் தன் பெயருக்கு நேரே பேனையை வைத்தாள்.

“கொஞ்சம் பொறும். விலை முடிஞ்சுது. மெக்லரும் இல்லை, ஒருத்தரும் இல்லை. இனி நடிக்கத் தேவையில்லை. உண்மையைச் சொல்லும். வாங்குவமோ?”

“வாங்குங்கோ.”

“அப்ப அண்டைக்குச் சொன்ன குறையெல்லாம்?”

“அதுவும் உண்மைதான்.”

“ரெண்டும் எப்பிடியப்பா உண்மையா இருக்கும்? எனக்கு விசர் பிடிக்கப் பண்ணாதையும்!”

ராசமலர் பேனையை மூடினாள். “அந்த மரத்தடியிலை நிண்டு நீங்கள் சிரிச்சீங்கள். எனக்குச் சிரிக்காதை எண்டுபோட்டு நீங்கள்தான் சிரிச்சீங்கள். அதைப் பாத்தபிறகு நான் எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது?”

“யன்னலடியிலை சொன்னீரே!”

“நீங்கள்தானே குறை சொல்லச் சொன்னனீங்கள்? இந்தப் பதினாலு வருசத்திலை என்னை வாய் திறந்து குறை சொல்லும் எண்டு நீங்கள் கேட்டது அண்டைக்கு ஒருநாள்தான். சொல்லத் தொடங்கின பிறகு நிப்பாட்டத் தெரியேல்லை.”

பிலேந்திரனுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அந்த வீட்டு வாசல்படி, வளவு மண், மரங்கள் எல்லாம் ஒருமுறை கண்ணுக்குள் வந்து போயின. கவலையாகத்தான் இருந்தது. படிவத்தை எடுத்து நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தான். விலை அடிமட்டம், இனி இப்படி ஒன்று வராது என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. லாச்சியைத் தள்ளிச் சாத்தினான்.

“வேறை என்ன குறை?” என்று கேட்டான்.

“வீட்டிலையோ?”

“இல்லை. என்னிலை.”

ராசமலர் கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

“எங்கையிருந்து தொடங்க?” என்றாள்.