ஒரு கண்ணாடி கூடுதல்

என் நாத்தனாருக்கும் எனக்கும் வீட்டில் ஒத்துப்போகாது. ஆய்வுக்கூடத்திலோ ஒரே மேசை. என்ன செய்ய, தலையெழுத்து. குழந்தை பெற்று, நீண்ட இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியிருந்தாள். இந்தச் சோதனை பலிக்காவிட்டால் இடமில்லை என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சோதனை இதுதான். குப்பித் தண்ணீரில் தங்கத் துகள்கள் மிதக்கின்றன. அத்தனை பொடி என்பதால் தண்ணீர் சிவப்பாகத் தெரியும். அதில் திருகாணி போல முறுக்கிய லேசர் ஒளியைப் பாய்ச்சினால் துகளுக்குள் எலக்ட்ரான்கள் வட்டமடிக்கும். ஒளி இருக்கும்வரை ஒவ்வொரு துகளும் குட்டிக் காந்தம். வலமுறுக்கு ஒளிக்கு, காந்தத்தை அளந்து காட்டும் திரையில் கோடு ஏற வேண்டும்.

அன்று காலை இறங்கியது.

"சூடு பட்டாலும் கோடு இப்படித்தான் இறங்கும். காந்தமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. மத்தியானம் மேசையக் காலி பண்ணிடுங்க" என்றார் பேராசிரியர் அவளிடம். நாக்கில் நரம்பே இல்லாத மனுஷன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. லேசரை அணைத்துவிட்டு ஒளி வரும் பாதையைப் பார்த்தேன். மேசை நடுவில் என் வேலைக்காக நான் வைத்திருந்த கேமராவைச் சுற்றிக்கொண்டு போக வழியில் ஒரு கண்ணாடி கூடுதலாக வைத்திருந்தாள்.

"ஏண்டி, கண்ணாடியில பட்டா வலமுறுக்கு இடமுறுக்காயிடும், கோடும் இறங்கிடும்னு உனக்குத் தெரியாதா?"

"மறந்துட்டேன் அண்ணி. உங்க கேமராவ நகத்தச் சொன்னா கடிச்சுக் குதறிடுவீங்கன்னு சுத்திக் கொண்டுபோனேன்."

சுருக்கென்றது. கேமராவைத் தூக்கிக் கீழே வைத்தேன்.

"கண்ணாடிய எடுத்துட்டு சரியா வர்றத மட்டும் காட்டு. காலையில வந்ததப் பத்தி மூச்சு விடாத."

"இல்ல அண்ணி, ரெண்டையும் காட்டுறேன். தப்பையும் நானே சொல்லிடுறேன்."

"பைத்தியமா உனக்கு? வேலையே போயிடும்" என்றேன். கேட்கவில்லை.

மத்தியானம் பேராசிரியர் வந்ததும் கண்ணாடி வைத்த தவறைச் சொன்னாள். கண்ணாடியோடு ஒளியை விட்டாள், கோடு இறங்கியது. எடுத்துவிட்டு நேராக விட்டாள், ஏறியது. அவர் நம்பாமல் தானே கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மறுபடி இறங்கியது.

"வெறும் சூடுன்னா எல்லாத் தடவையும் இறங்கியிருக்கணும்" என்று முணுமுணுத்தார். "சரியா வந்தத மட்டும் காட்டியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்மா. காந்தம்தான். மேசை உங்களுக்குத்தான்."

அவர் போனதும் அவள் என் கணவருக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, நாளைக்கும் நான் அண்ணிகூட வேலைக்குப் போறேன்" என்றாள். போனை என்னிடம் நீட்டினாள். "ஆமாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே மேசைதான்" என்றேன்.