பதேப்பூர் சிக்ரிப் பாடம்

நஸ்மியா கரும்பலகையில் பதேப்பூர் சிக்ரியின் தூண் ஒன்றை வரைந்துகொண்டிருந்தபோது, இடித்துக்கொண்டிருந்த பக்கத்துப் பள்ளிவாசலின் கூரையிலிருந்து ஓடுகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. உயர்தர வகுப்புக்கு இஸ்லாமிய நாகரிகம் படிப்பிக்கும் அவளுக்கு முகலாயர் கட்டடக்கலை மனப்பாடம். ஹுமாயூனின் கல்லறையோடு பாரசீகம் டில்லியில் வந்திறங்கியது. அக்பர் எழுப்பிய பதேப்பூர் சிக்ரியில் அது அந்த மண்ணில் வேர்பிடித்தது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் செதுக்கிய உள்ளூர்ச் சிற்பிகளே சிவப்புக் கல்லில் அவருக்கும் தூண்களையும் தாங்குகட்டைகளையும் சாய்ந்த தாழ்வாரங்களையும் செதுக்கிக் கொடுத்தார்கள். ஷாஜஹானின் வெள்ளைப் பளிங்கு அதற்குப் பிறகுதான். குறிப்பின் கடைசி வரியை அவள் ஒவ்வோர் ஆண்டும் அடிக்கோடிட்டு எழுதுவாள்: 'வந்த இடத்தின் கலையைத் தனதாக்கிக்கொண்டதே முகலாயரின் பெருமை.'

அடிக்கோட்டை இழுத்துவிட்டுத் திரும்பினாள். மர்வா கையை உயர்த்தியிருந்தாள்.

"டீச்சர், அப்ப எங்கட பள்ளிவாசலும் அக்பர் கட்டின மாதிரித்தானே? கண்டிக் கூரை, சிங்கள ஆக்கள் செதுக்கின தூண், உள்ளுக்கு எங்கட தொழுகை."

"அக்பர் பல்லேபொல பஸ்ஸுல வந்து எறங்கியிருப்பாரு," என்றாள் பின்வாங்கிலிருந்து ஷஸ்னா. வகுப்பே சிரித்தது.

மர்வா சிரிக்கவில்லை. "பள்ளிவாசல் கூட்டத்துல வாசிச்ச பேச்சுல, அது சிங்கள ஆக்கள்ட பன்சல மாதிரி இருக்கு, எங்கட கலையே இல்லன்னு சொன்னாங்களே டீச்சர். அத எழுதின ஆள் இந்தப் பாடம் படிக்கல்ல போல."

மறுபடியும் சிரிப்பு. நஸ்மியாவின் காதுகள் சுட்டன. "பரீட்சைக்கு வாறத மட்டும் கேளுங்க," என்றாள். பிறகு, சரியாகவே இருந்த தூணை அழித்துவிட்டு மீண்டும் வரையத் தொடங்கினாள். வகுப்புக்கு முதுகைக் காட்டி நிற்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தப் பேச்சை எழுதியவள் அவள்தான்.

யட்டவத்தயில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் அது தொடங்கியது. அங்கே புதிதாகக் கட்டிய பள்ளிவாசலுக்குப் பச்சைக் குவிமாடமும் இரண்டு மினாராக்களும் இருந்தன. ஆண்கள் சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவளுடைய தங்கையின் கணவன் அன்ஸாப் சோற்றில் கையை வைத்தபடியே, "மச்சான், ஒங்கட பள்ளிக்கு வாறதுன்னா பூத்தட்டும் வாங்கிட்டு வரணுமா?" என்று அவள் கணவன் பஸ்லியைக் கேட்டான். பூத்தட்டோடு போவது புத்தர் கோயிலுக்கு; பன்சல என்று சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் பெண்களும் சிரித்தார்கள். நஸ்மியாவும் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியில், அலுவிகாரைப் பன்சலக்கு வெள்ளை உடுப்போடு போகிறவர்கள் நிறைந்த பஸ்ஸில், கணவனின் குனிந்த கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பஸ்லி ஊர்ப் பள்ளிவாசல் நிருவாக சபையில் இருந்தான். கூரை ஒழுகியது; ஓடுகளை மட்டும் மாற்றுவதா, முழுவதையும் இடித்துக் கட்டுவதா என்று ஜமாஅத்தார் தீர்மானிக்க வேண்டியிருந்தது. "நீதானே படிச்சிக் குடுக்கிற. ரெண்டு பக்கம் எழுதித் தா," என்றான். அவள் எழுதினாள். நன்றாகவே எழுதினாள். குவிமாடத்தைப் பார்த்ததும் வழிப்போக்கனுக்குத் தெரிய வேண்டும், இங்கே முஸ்லிம்கள் வாழ்கிறார்கள் என்று; எத்தனை காலத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டு தொழுவது? ஹுமாயூனிலிருந்து நேராகத் தாஜ்மஹாலுக்குப் போனாள். இடையில் அக்பரை விட்டுவிட்டாள். மறந்து அல்ல. அந்தப் பெயர் வரவேண்டிய இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அவரைச் சேர்த்தால் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜும்ஆவுக்குப் பிறகு பஸ்லி அதை வாசித்தபோது, பெண்களும் கேட்கட்டும் என்று வெளி ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டிருந்தார்கள். அவள் சமையலறையில் நின்று தன் சொற்கள் தெருவைக் கடந்து போவதைக் கேட்டாள். தக்பீர் முழங்கியது. பக்கத்து வீட்டு ஸரீனா வேலிக்கு மேலால் எட்டி, "ராத்தா, ஒங்கட மாப்புள என்னமா எழுதியிருக்காரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு ஒரே ஒரு குரல் எதிர்த்தது. மிளகு வியாபாரி யஹ்யா, மர்வாவின் வாப்பா. "ஒழுகுதுன்னா ஓட்ட மாத்துவோம். தூணு என்ன பாவம் செஞ்சிச்சு?" என்றார். "அப்ப நீங்க பன்சலக்கே போங்க," என்றது யாரோ ஓர் இளவட்டத்தின் குரல். ஒலிபெருக்கியில் அந்தச் சிரிப்பும் ஊர் முழுக்கக் கேட்டது. இடித்துக் கட்டுவதென்று முடிவானது. அன்றிலிருந்து அவர் பன்சல யஹ்யா. ஜும்ஆவுக்கு இப்போது பஸ் ஏறி மாத்தளைக்குப் போகிறார்.

பாடசாலை விட்டு வந்ததும், பஸ்லியின் முன்னால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அவள் கதவோரம் நின்றாள்.

"தூண இன்னும் கழட்டல்லதானே?"

"நாளைக்கு. ஏன்?"

"நிப்பாட்ட ஏலாதா? கூரைய மட்டும் போடுவோம். நான் எழுதினது பிழை. அக்பர் கட்டின சிக்ரிய வேணும்னே விட்டுட்டேன்."

பஸ்லி பிசைந்த சோற்றை வாயில் போடாமல் அவளைப் பார்த்தான். "அக்பரா? இப்ப போய் மைக்கப் புடிச்சி, அக்பர மறந்துட்டோம், ஓட்டத் திருப்பி ஏத்துங்கன்னு சொல்லவா?"

"நான் எழுதினதுன்னு சொல்லுங்க. யஹ்யா நானா சொன்னதுதான் சரின்னு சொல்லுங்க."

"நான் எழுதினேன்னுதான் எல்லாரும் நெனச்சிட்டிருக்காங்க. பொண்டாட்டிட பேச்சக் கேட்டுப் பள்ளிய ஒடச்ச ஊருன்னு அன்ஸாப் சிரிக்கட்டுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "இந்தக் கதைய இதோட விடு. வாயத் தொறக்க வேணாம்."

அவள் தலையாட்டினாள். பாத்திரங்களைக் கழுவும்போதுதான் கவனித்தாள், நெஞ்சு லேசாகியிருந்தது. வாயைத் திறக்க வேண்டாம் என்று கணவன் சொல்லிவிட்டான். இனி அது அவள் பொறுப்பல்ல. மர்வா கேட்டபோது சுட்டதைவிட இந்த நிம்மதி அவளை அதிகமாகச் சுட்டது. குழாயை முழுவதும் திறந்துவிட்டு, கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

தூண்கள் கழற்றப்பட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த கிழமை ஒரு மாலையில் அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு லேண்ட்மாஸ்டர் கைட்ராக்டர் வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவர் யஹ்யா. பின்னால் பூட்டிய பெட்டியில் ஒரு தூண் கிடத்தப்பட்டிருந்தது. பெட்டியை விட நீளமானதால் அதன் தலைப்பக்கம் பின்னால் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஒரு செவப்புத் துணி தருவீங்களா? பஸ் வாற பாதை. பின்னுக்குக் கட்டாம போனா யாராவது வந்து மோதிடுவான்."

அவள் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். சிவப்பாக இருந்தது ஒரு சால்வை மட்டும்தான். யட்டவத்தக் கல்யாணத்துக்காக வாங்கியது. அதைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"புதுசு மாதிரி இருக்கே. பழசு ஒண்ணு போதுமே."

"பரவால்ல நானா. என்னத்துக்கு இந்தத் தூணு?"

"தெரியா. வெறகுக்குப் போயிடும்னு சொன்னாங்க. எடுத்துட்டேன். வீட்டுல நிறுத்த எடமில்ல, கெடக்கட்டும்." அவர் சால்வையைத் தூணின் கழுத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டார். அந்த இடத்தில் மரத்தில் தாமரை இதழ்கள் செதுக்கப்பட்டிருந்தன. இத்தனை ஆண்டுகளில் பெண்கள் தொழும் பக்கத்திலிருந்து அவள் அதைப் பார்த்ததே இல்லை. "மர்வா சொன்னா, அன்னக்கிப் பாடம் நல்லா இருந்திச்சாம். படிச்ச நீங்க கூட்டத்துக்கு வந்திருந்தா அந்தப் பேச்சுக்கு ஒரு பதில் சொல்லியிருப்பீங்க. நமக்குச் சொல்லத் தெரியல்ல."

அவருடைய முகத்தில் கிண்டல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நஸ்மியா துடைப்பத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"எறக்கத்துல மெதுவாப் போங்க நானா," என்றாள்.

லேண்ட்மாஸ்டர் புகையை விட்டுக்கொண்டு புறப்பட்டது. மிளகுக்கொடி ஏறிய வேலிகளுக்கு நடுவே, ஒவ்வொரு குழியிலும் தூணின் தலை எழுந்து தாழ, அதில் கட்டிய சிவப்புச் சால்வை காற்றில் அடித்துக்கொண்டது. வளைவில் எதிரே வந்த பஸ் அதைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, வழிவிட்டு நின்றது.