சிரிப்புப் பொத்தான்

அந்த வானொலி நிலையத்தில் இப்போது ஆளே கிடையாது. கணினி ஒன்று தன் பாட்டுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது, நடுநடுவே விளம்பரம். ஆள் இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்டால், பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அங்கே முதன்முதலில் வந்த நேயர் அழைப்பே பொய். அழைத்தவளும் பதில் சொன்னவளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பதில் சொன்னவளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். பல்செட் கட்டிய கிழவர்கூட "என்ன அக்கா, காலைல குரல் கொஞ்சம் கம்மியிருந்துச்சே" என்று நடுத்தெருவில் நிறுத்தி விசாரிப்பார். நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். அவளுக்குக் கூடப்பிறந்தவள் ஒரே ஒரு தங்கச்சி.

நிலையத்தை ஆரம்பித்தவர் மின்சாதனக் கடை முதலாளி. கடைக்கு மேலே இரண்டு அறை, நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. ஒன்றில் மேசை, தொலைபேசி. இன்னொன்றில் மைக், சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தையை வைத்து ஆணி அடித்திருந்தார். அப்படியும் கீழே யாராவது மிக்ஸி வாங்க வந்து ஓட்டிப் பார்த்தால் ஊர் முழுக்கக் கேட்கும். முதலில் வெறும் அறிவிப்புதான். எந்தத் தெருவில் இன்று தண்ணீர் வராது, யார் சாவியைத் தொலைத்தார், யார் போய்ச் சேர்ந்தார். அக்கா மூன்றையும் ஒரே குரலில் வாசிப்பாள். செத்தது யார் என்று தெரிந்துகொள்ளவே பாதிப் பேர் வானொலிப் பெட்டி வாங்கினார்கள். முதலாளிக்கு அதிலும் இலாபம்.

பிறகு அவருக்கு நேயர் விருப்பம் நடத்த ஆசை வந்தது. கூப்பிடுங்கள், பிடித்த பாட்டைக் கேளுங்கள் என்று அக்கா தொண்டை வறளக் கத்தினாள். போன் வாயே திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி கையைக் கையை ஆட்டுகிறார். ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டு மனுஷன் மானம் போகிறதே என்று நிற்கிறார். இன்றோடு நம் சீட்டுக் கிழிந்தது என்றே அக்கா நினைத்தாள்.

வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்த தங்கச்சி அக்காவின் குரல் நடுங்குவதைக் கேட்டாள். தேய்ப்புப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு மூலைக் கடைக்கு ஓடி, அங்கிருந்த போனை எடுத்து, மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, "வணக்கம்க்கா, நான் ரொட்டிக் கடைக்காரர் சம்சாரம் பேசுறேன்" என்று ஆரம்பித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு பாட்டைப் போட்டாள். அதற்கப்புறம்தான் ஊருக்கு வெட்கம் விட்டது, போன் ஓயவில்லை. வீட்டுக்கு வந்தால் ஒரு நல்ல சட்டை தேய்ப்புப் பெட்டியின் அளவுக்கு ஓட்டையாகியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு அக்காவின் வேலையைக் காப்பாற்றியது தங்கச்சிதான். இதை அக்காவே எல்லாரிடமும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

முதலாளி கண்ணை மூடினார், மகன் வந்தான். சாவு அறிவிப்பு அபசகுனம் என்று முதல் வேலையாக நிறுத்தினான். அப்பா சாவையாவது சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். வினாடி வினா வந்தது, சமையல் குறிப்பு வந்தது. ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும்போது முதல் அழைப்பு தங்கச்சியுடையது. விதவிதமான குரல் வைத்திருந்தாள் கழுதை. பிறகு மகனும் கைகழுவினான். எங்கோ இருக்கிற கம்பெனி வாங்கிப்போட்டது. மெத்தையைப் பிடுங்கிவிட்டுப் புதுச் சுவர், புது மைக், புது மேலாளர்.

மேலாளருக்கு ஒரு மூச்சு இடைவெளி விழுந்தாலும் ஆகாது. "அடுத்து, அடுத்து" என்று விரலைச் சொடுக்கிக்கொண்டே இருப்பார். நிலையத்தில் அவர் பெயரே அடுத்து சார். மக்களுக்குப் பாட்டு அலுத்துவிட்டது, அடுத்த வீட்டுச் சண்டைதான் வேண்டும் என்று கம்பெனி கண்டுபிடித்திருந்தது. 'அக்காகிட்ட சொல்லு' என்று நிகழ்ச்சி. குடும்பத் தகராறை நேயர்கள் சொல்ல, அக்கா கிண்டலாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். உண்மையான நேயர்கள் அழுது வடிவார்கள் என்று சண்டையையெல்லாம் அடுத்து சாரே எழுதுவார். பேச ஆள் பிடித்து, நேரத்துக்கு நிலையத்திலிருந்தே அவர்கள் வீட்டுக்குப் போன் போடுவார்கள். அக்காவின் கைப்பக்கம் ஒரு பெட்டி, அதில் வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் தட்டு உடையும், ஒன்றை அழுத்தினால் கைதட்டல், சிவப்பை அழுத்தினால் நூறு பேர் சேர்ந்து சிரிப்பார்கள். நிகழ்ச்சி பிய்த்துக்கொண்டு போனது. அதில் தங்கச்சிதான் நட்சத்திரம்.

தங்கச்சிக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார், ஊரில் பாதிப் பேர் அவர் போட்ட கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் தங்கச்சி அக்கா வீட்டுக்கு வருவது குறைந்தது. செல்போன் கெட்டுப்போச்சு என்றாள். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். "ஏண்டி, வேர்க்கலையா?" என்று அக்கா கேட்டாள், தங்கச்சி பேச்சை மாற்றினாள், அக்காவும் மாற்றவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் சிரித்த முகமாக, "ரேடியோல பேசுறதை மட்டும் விட்டுடச் சொல்லாதீங்க அண்ணி. கடைக்கு வர்றவங்ககிட்ட பெருமையா சொல்லிக்கிறேன்" என்றார்.

நடந்தது இதுதான். அக்காவுக்குப் பிறகுதான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு மனசு தாங்காது. தங்கச்சியின் செல்போன் மாப்பிள்ளையின் கடை இழுப்பறையில் இருந்தது. வீட்டுப் போனில் வெளியே பேச முடியாதபடி பூட்டுப் போட்டு வைத்திருந்தார். காலையில் கடைக்குப் போகும்போது வெளியே தாழ்போட்டு, அவள் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவார். அந்த வீட்டுக்குள் வருகிற ஒரே வெளிக்குரல் நிலையத்து அழைப்பு. அதை விட்டால் அவளுக்கு வேறு நாதி இல்லை.

அன்றைக்கு எழுதிக் கொடுத்திருந்தது குக்கர் சண்டை. எத்தனை விசில் என்று மாமியாரும் மருமகளும் அடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். தங்கச்சி தன் குரல்களில் ஒன்றான மாடி வீட்டுக்காரியின் கீச்சுக் குரலில் ஆரம்பித்தாள். இரண்டாவது விசிலோடு குக்கரை விட்டுவிட்டாள்.

"அக்கா, என் வீட்டுக்காரர் தினம் என் செருப்பை எடுத்துட்டுப் போயிடுறார்க்கா. நான் வெளிய போயிடுவேனாம்."

இது தாளில் இல்லை. அக்கா என்ன புதியவளா? எந்தப் பந்தையும் அடிப்பவள். "அடடா, அவருக்கு மாத்துச் செருப்பு இல்ல போல! ஒரு ஜோடி வாங்கிக் குடுத்துடுங்கம்மா." சிவப்புப் பொத்தான். நூறு பேர் சிரித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுத்து சார் கட்டைவிரலை உயர்த்தினார்.

"சிரிக்காதீங்கக்கா. நேத்து கதவிடுக்குல என் கையை வச்சு சாத்திட்டார். விரல் மடங்க மாட்டேங்குதுக்கா."

மாடி வீட்டுக்காரியின் கீச்சுக் குரல் பாதியிலேயே கழன்றுவிட்டது. முடித்தது தங்கச்சியின் சொந்தக் குரல், தேய்ப்புப் பெட்டிக்காரியின் குரல். அக்காவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. தெரிந்ததும் அவள் நெஞ்சில் வந்த முதல் பயம் என்ன தெரியுமா? ஐயோ, இந்தப் பைத்தியம் குரலை மறந்துவிட்டதே, நேயர்கள் கண்டுபிடித்தால் மானம் போகுமே என்பதுதான். இத்தனை வருஷத் தொழில் அவளுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. சக நடிகை சறுக்கினால் சட்டென்று மூட வேண்டும். மூடினாள். "கதவுகிட்ட கையைக் குடுத்தா அது என்னம்மா பண்ணும், பாவம்! கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க, கதவையும் சேர்த்துத்தான் சொல்றேன்!" சிவப்புப் பொத்தான். அதற்கு மேல் தன் சொந்தச் சிரிப்பையும் போட்டாள். அப்புறம் பாட்டு.

அடுத்து சார் உள்ளே ஓடிவந்தார். "பிரமாதம்க்கா! அந்த செருப்பு, கதவு எல்லாம் யார் எழுதினது? நான் எழுதலையே!"

அக்கா தாளை எடுத்து மறுபடி பார்த்தாள், செருப்பும் இல்லை, கதவும் இல்லை. தானாக இட்டுக்கட்டியிருப்பாள், கெட்டிக்காரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போய்ப் பார்த்துவிடலாம் என்று பையை எடுத்தாள். விளம்பரக் குரல் பதிவு இருந்தது, பையை வைத்தாள். சாயங்காலம் நிகழ்ச்சியின் வெற்றிக்கு அடுத்து சார் எல்லாருக்கும் விருந்து வைத்தார், அதற்கும் போனாள். போய்ச் சிரித்துப் பேசிச் சாப்பிட்டாள் மகராசி. அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது, சொல்லுங்கள்.

மறுநாள் காலையில்தான் போனாள். வெளியே பூட்டு தொங்கியது. ஜன்னலுக்குப் பின்னால் தங்கச்சி, வலது கை முழங்கை வரை வீங்கி, நகமெல்லாம் கறுத்து. அக்காவின் அலறலில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா சுத்தியோடு ஓடிவந்தார். "எத்தனையோ நாளா சத்தம் கேக்குது. இன்னைக்காவது வந்தீங்களே" என்று சொல்லிக்கொண்டே பூட்டை உடைத்தார். தன் செருப்பைக் கழற்றித் தங்கச்சிக்குப் போட்டுவிட்டார். மூவரும் மருத்துவரிடம் போனார்கள். இரண்டு விரல் முறிவு. அங்கிருந்து நேரே காவல் நிலையம்.

அதிகாரி அக்காவைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். "அட, நம்ம ரேடியோ அக்கா! என் வீட்டுல உங்க நிகழ்ச்சி இல்லாம சோறு இறங்காது." உடம்பெல்லாம் கூசியது அக்காவுக்கு. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், யாரோ கடைக்குப் போய்ச் சொல்லி, மாப்பிள்ளை வந்துவிட்டார். அதிகாரியின் மூக்கில் இருந்ததும் அவர் கடைக் கண்ணாடிதான். அதே மெல்லிய குரலில், "ஐயா, இவ ரேடியோல நடிக்கிறவ. கை கதவுல தானா மாட்டிக்கிச்சு, அதை வச்சு நேத்து ஒரு நாடகம் போட்டா. கேட்டுப் பாருங்க" என்று செல்போனை மேசைமேல் வைத்தார். நிலையமே அந்த ஒலித் துண்டை ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தது.

செருப்பு வந்தது. நூறு பேர் சிரித்தார்கள். கதவு வந்தது. நூறு பேர், மேலே அக்கா. அதிகாரியின் உதடு அவரை அறியாமல் இழுத்துக்கொண்டது, சட்டென்று கையால் மூடிக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்கக்கா. இந்த அழைப்பெல்லாம் நிஜமா, நாடகமா?"

"மத்ததெல்லாம் நாடகம் சார். இது மட்டும் நிஜம்."

"அப்ப ஏன் சிரிச்சீங்க?"

அதிகாரி அடுத்து சாருக்குப் போன் போட்டார். "எழுதாததை ஒலிபரப்புவோமா சார்? கம்பெனி சும்மா விடுமா? ஒவ்வொரு வார்த்தையும் நான் எழுதிக் குடுத்ததுதான்" என்றார் அந்தப் புண்ணியவான், பக்கத்து மேசைவரை கேட்கிற மாதிரி. அதிகாரி போனை வைத்தார். "புகாரை வாங்கி வச்சுக்கிறேன். ஆனா நிக்காதும்மா. குடும்ப விஷயம், உக்காந்து பேசிப் பாருங்க." மாப்பிள்ளை அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, "வீட்டுல பாத்துக்கலாம், வா" என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் அக்கா தங்கச்சியின் நல்ல கையைப் பிடித்தாள். "அவன் கிடக்கான். என் வீட்டுக்கு வாடி. என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன்."

தங்கச்சி கையை இழுத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"கடைசில நான் என் சொந்தக் குரல்லதான்க்கா பேசினேன். உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொன்னவள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வரவில்லை.

"தெரிஞ்சுதுடி. நீ குரலை மறந்துட்டேன்னு நினைச்சேன். யாருக்கும் தெரியாம மூடிடலாம்னுதான்..."

"நல்லா மூடிட்டக்கா" என்றாள் தங்கச்சி.

தையல்காரம்மா வெறுங்காலோடு முன்னால் நடந்தார். தங்கச்சி அவர் பின்னாலேயே போனாள்.