உடம்பைத் தேற்றிய வருஷம்

"ரத்தம் பதினொண்ணரைக்கு வந்துடுச்சும்மா. தைராய்டும் அடங்கிடுச்சு. இனிமே தாராளமா ரெண்டாவதுக்குப் பார்க்கலாம்" என்று டாக்டர் ரேவதி சொன்னதும் ஏஞ்சலுக்குக் கண் கலங்கிவிட்டது.

சும்மாவா வந்தது அந்த வார்த்தை? மகள் கெசியா பிறந்தபோது ரத்தம் நிற்காமல் போய், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடித்தான் அவளைப் பிழைக்கவைத்தார்கள். அடுத்த பிள்ளைக்கு முன்னால் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று போன வருஷம் அவளாகவே இந்த டாக்டரிடம் வந்தாள். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டியது, ஆனாலும் அவள் விடவில்லை. முருங்கைக்கீரையும் ஆட்டுச் சுவரொட்டியும் கணவன் டேனியலே தேடி வாங்கிவருவான். வேலை பார்க்கும் பட்டுச்சேலைக் கடையில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியவள், இப்போது சேலைக்கட்டையும் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள்.

வெளியே டேனியல் தான் ஓட்டும் ஷேர் ஆட்டோவோடு காத்திருந்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"ஏறு" என்றான்.

வழியில் கைகாட்டியவர்கள் யாரையும் ஏற்றவில்லை. வாலாஜாபாத் சாலையில், அவர்கள் வீடு இருக்கும் ஐயம்பேட்டைக்கு முன்னாலேயே ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினான். திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சு, ஏஞ்சலு."

 செங்கல்பட்டில் நினைவில்லாமல் கிடந்தபோது செய்துவிட்டார்களா?

"எனக்கா? என்னைக் கேக்காமலா?"

"உனக்கில்ல. எனக்கு. கெசியாவுக்கு ஒரு வயசு முடிஞ்சதும் நானே போய்ப் பண்ணிக்கினேன்."

 டயர் மாற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்று அவன் படுத்துக்கிடந்தது ஏஞ்சலுக்கு ஞாபகம் வந்தது. வெந்நீர் ஒத்தடத்துக்கு அவள் எழுந்தபோது, "வேணாம், கிட்ட வராதே" என்று கத்தினானே!

எப்போதும் "நீங்க" என்பவள், "நீ மனுசனா?" என்றாள். "ஒரு வருசமா நான் மாத்திரை முழுங்கிக்கினு இருக்கேன். பாத்துக்கினு இருந்தியே!"

"பொழைக்கிறது கஷ்டம்னு சொன்னாங்க அன்னிக்கு. அதுக்கப்புறம் இன்னொரு தபா உன்னை அங்க அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல."

"அது அன்னிக்கு. இந்த ஒரு வருசம்?"

"நீ தேறிக்கினே வந்தே, ஏஞ்சலு. மூச்சு வாங்காம படி ஏறுனே. சொன்னா மாத்திரைய நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன்."

அவள் இறங்கிவிட்டாள். பின்னால் வந்த வேறொரு ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி ஏறினாள். "இன்னா அண்ணி, அண்ணன் வண்டி ரிப்பேரா?" என்று ஓட்டுகிறவன் கேட்டது அவள் காதில் விழவே இல்லை.

வீட்டில் மாமியார் சம்பூர்ணம் வாசலுக்கே ஓடிவந்தாள். "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"உங்க புள்ளையக் கேளுங்க அத்தை."

பின்னாலேயே வந்தவன் சொன்னான். சம்பூர்ணம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி! ஆம்பள பண்ணிக்கிற ஆபரேஷனாடா அது?"

"அதுல ஒரு தப்பும் இல்ல அத்தை. இவர் பண்ணிக்கலன்னா என்னிக்காவது நான்தான் பண்ணிக்கணும்" என்றாள் ஏஞ்சல்.  "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

அதன் பிறகு அவனோடு பேச்சில்லை. சாப்பாடு போட்டாள், முகம் பார்க்கவில்லை. கடையில் வாடிக்கையாளர் முன் சேலையை விரித்துப் பிடித்தபடி, என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்து நின்றாள். ஆனாலும் மாத்திரையை மட்டும் ஏனோ அவள் நிறுத்தவில்லை. உடம்பு அவளுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் புறப்படும்போது சொன்னாள். "நாளைக்கு நான் லீவு. டாக்டர்கிட்ட நீயே வந்து சொல்லு."

மறுநாள் டாக்டர் முன்னால் டேனியல் தலைகுனிந்தபடி சொல்லிமுடித்தான். டாக்டர் ரேவதி பேனாவைக் கீழே வைத்தார்.

"அறுத்த குழாயைத் திரும்பப் பிணைக்கலாம்பா. சென்னையில பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித்தரேன். பிணைச்சாலும் குழந்தை நிக்கும்னு உறுதியா சொல்ல முடியாது."

அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "இவளுக்குத் திரும்ப அப்படி ஆகுமா டாக்டர்?"

"ஆகவே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். முதல்ல அப்படி ஆனவங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம்தான். அதனால பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியிலதான் வச்சிக்கணும். ரத்தம் தயாரா இருக்கணும். அன்னிக்கு இவங்க உடம்புல ரத்தமே கம்மி, தாங்கல. இப்போ இருக்கிற உடம்பு வேற. இத்தனை வருஷத்துல யாரையாவது இதைக் கேட்டியா?"

"இல்லீங்க."

அவன் மேசை விளிம்பை விடாமல் பிடித்திருந்தான். அவனுடைய பயத்தை ஏஞ்சல் இப்போதுதான் பார்த்தாள். பிரசவத்தில் கிடந்தது அவள். ஆனால் அங்கிருந்து இன்னும் வீடு திரும்பாதவன் அவன் என்று பட்டது. கோபம் போகவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"சென்னைக்கு எழுதிக் குடுங்க டாக்டர்" என்றாள். "போறதா வேணாமான்னு ரெண்டு பேருமா பேசி முடிவு பண்றோம்."

பேசி முடிவெடுத்து, மழைக்காலம் முடிந்ததும் சென்னைக்குப் போனார்கள். குழாயைப் பிணைத்தாயிற்று. பிள்ளை வருமா என்பது இன்னும் தெரியவில்லை. டேனியலை மன்னித்துவிட்டாயா என்று சம்பூர்ணம் ஒருநாள் கேட்டதற்கு, "பேசிக்கினு இருக்கோம் அத்தை" என்று மட்டும் சொன்னாள் ஏஞ்சல்.