இருமல் நீக்கிய படம்

"இருமல் சத்தத்த மொத்தமா எடுத்துட்டேன்கா. இப்ப சுத்தமா கீது" என்றான் ராஜேஷ், சொத்தைப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தவன் போல. பேருந்து நிலையத்துக்கு எதிரே கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவன்.

ப்ளெஸ்ஸிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரையில் அவளுடைய அப்பா ஜெபரத்தினத்தின் முதுகு. சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர். பின்னணியில் கீபோர்டு இழுக்கும் ஒரு ஞானப்பாட்டு. அரை மணி நேரம் ஓடும் படத்தை ஒரு பாட்டு நீளத்துக்கு நறுக்கி வைத்திருந்தான், பாவி.

அவள் எடுக்கிற படங்களில் கதை இருக்காது. கே.ஜி.கண்டிகை டீக்கடைச் சுவரில் வெயில் நகர்வதை மட்டுமே ஒரு படமாக எடுத்தாள். ஊரே சிரித்தது. அப்பா மட்டும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "வெயிலு சீக்கிரம் பூடுச்சே" என்று வருத்தப்பட்டார். அவருக்கு நுரையீரல் கெட்டு, படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று கட்டிலில் உட்கார்ந்தே இருந்த நாட்களில், அவர் முதுகுக்குப் பின்னால் காமிராவை வைத்தாள். ஓர் இடத்திலும் வெட்டவில்லை. இருமல் வரும்வரை காத்திருப்பதும், வந்தது அடங்கும்வரை காத்திருப்பதும்தான் அந்தப் படம்.

அப்பாவின் முதலாண்டு நினைவுக் கூட்டத்தில் போடலாமென்று அம்மா லில்லி, அவளிடம் சொல்லாமலே மெமரி கார்டைக் கொண்டுவந்து இவனிடம் கொடுத்திருக்கிறாள். ஹார்டு டிஸ்க் பழுதானதிலிருந்து வேறு பிரதியே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியாது.

"கார்டு எங்கடா?"

"தோ கீதுக்கா. முகூர்த்த நாளு, மலைக் கோயில்ல மூணு கல்யாணம். கார்டு பத்தலன்னு இத அழிச்சிட்டு எடுத்துகினேன். கோச்சிக்காதக்கா."

"யாரக் கேட்டு அழிச்ச?"

"அதான் நல்லதா ஒண்ணு செஞ்சி குடுத்துட்டனே. சும்மா முதுகையே காட்டிகினு இருந்தா எவன் பாப்பான்?"

மேசையில் அடுக்கியிருந்த ஆல்பங்களை ஒரே வீச்சில் வாரித் தள்ளினாள். மாப்பிள்ளைகளும் பெண்களும் தரையில் சிரித்தபடி கிடந்தார்கள். அதுவும் போதவில்லை. மிச்சத்தையெல்லாம் அம்மாவின் தலையில் கொட்டப் போகிற வேகத்தில் வீட்டுக்கு வந்தாள்.

அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ராஜேஷ் காலையிலேயே பென் டிரைவைக் கொடுத்தனுப்பியிருந்தான். அதே ரோஜாப்பூ, அதே பாட்டு.

"நல்லா செஞ்சிகிறான் இல்ல? உங்க நைனா இருமவே இல்ல பாரு."

"இருமுனாரும்மா! ராத்திரியெல்லாம் இருமுனாரு! அது ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம் இருந்திச்சி. அதையும் குடுத்து அழிச்சிட்டியே!"

திரையில் அந்த முதுகு சட்டென்று குறுகியது. தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லை, பாட்டுதான் ஓடியது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே அம்மாவின் கை பக்கத்து ஸ்டூலில் தண்ணீர்ச் சொம்பைத் தேடியது.

அடுத்த வசவுக்குத் திறந்த வாயோடு ப்ளெஸ்ஸி நின்றாள். ஸ்டூலில் ரிமோட்டும் ஒரு சீப்பும் மட்டுமே இருந்தன. கை இன்னும் துழாவிக்கொண்டிருந்தது.